நீங்க எந்தப் பக்கமுங்க? திருப்பூர் இடதுசாரி ஒருவனிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

பனியன் தைக்கும் நான்கைந்து பவர் டேபிள் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. அதற்கு முன் பதினோரு வருஷம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவன். சங்கத்தில் இன்னமும் இருக்கிறேன். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிந்து பி.என். ரோட்டு டீக்கடைக்கு வந்தால் வாராவாரம் அதே கேள்விகள்தான். கேட்பவர் டெய்லராக இருப்பார், கட்டிங் மாஸ்டராக இருப்பார், சில சமயம் யூனிட் முதலாளியே இருப்பார். கல்யாண வீட்டுப் பந்தியிலும் விடுவதில்லை. ஒரே பதிலை நூறு தடவை சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. நீங்க கம்யூனிஸ்டுங்களா? ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க.

கட்சி அட்டை இல்லை. இடதுசாரி என்று சொல்லிக்கொள்வதில் கூச்சமும் இல்லை. ஆனால் "நடக்கிற காரியமாப் பேசுப்பா" என்கிற ரகம். அதை எங்கே கற்றேன் என்று சொன்னால் மீதிப் பதில்கள் எளிதாகிவிடும்.

முதன்முதலாகக் கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. பீஸுக்கு 40 காசு கேட்டுப் போய் 22 காசுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். வாசலிலேயே ஒருவர் "வித்துட்டானுங்க" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. கூட வந்த சங்கத்துப் பெரியவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னார்: "விட்டுட்டு வந்த 18 காசு யாரோடதுன்னு பாரு. டெய்லருக்கும், தைச்ச துணியைச் சரிபாக்கிற செக்கிங் பொம்பளைங்களுக்கும் ஒரே மாதிரி குறைஞ்சிருந்தா அது சமரசம். டெய்லருக்கு முழுசா வாங்கிட்டு, உள்ள வந்து பேச முடியாத செக்கிங்காரங்க பங்கை விட்டுட்டு வந்திருந்தா அது துரோகம்." அன்றைக்கு நாங்கள் செக்கிங் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. பெரியவருக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

உள்ளூர் அரசியலானாலும் உலக அரசியலானாலும் நான் பார்ப்பது இதைத்தான். கீழே "செக்கிங் கணக்கு" என்று வந்தால் இதுதான்.

2. இடது வலதுன்னா என்னங்க? சும்மா பேருக்கா?

1789இல் பிரெஞ்சு அவையில் மன்னருக்கு அதிகாரம் வேண்டாம் என்றவர்கள் தலைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார்கள், வேண்டும் என்றவர்கள் வலப்பக்கம். பேர் வந்த கதை அவ்வளவுதான். இன்றைக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம்: சந்தை தானாக எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்காது, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூலி ஆகிய மூன்றிலும் அரசு தலையிட வேண்டும் என்பவர் இடது. எல்லாத் தொழிலையும் அரசே நடத்த வேண்டும் என்று நான் சொல்வதில்லை. பனியன் கம்பெனியை அரசு நடத்தினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

3. இலவசம் குடுத்துக் குடுத்துச் சனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்கல்ல?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்பவர் பெரும்பாலும் கார் வைத்திருப்பார்.

எங்கள் யூனிட்டில் செக்கிங் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் பெருமாநல்லூர் பக்கத்திலிருந்து வருகிறார். டிக்கெட் எடுத்தால் போக வர பஸ்ஸுக்கு 24 ரூபாய் ஆகியிருக்கும். மாதம் 26 நாள் என்றால் 624. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முன்பு வீட்டுக்குப் பக்கத்திலேயே குறைந்த கூலிக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவர், பஸ் காசு மிச்சம் என்றானதும் எட்டு கிலோமீட்டர் தள்ளி நல்ல கூலிக்கு வருகிறார். இதில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது? விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து சோறாக்கிவிட்டு வருகிற மனுஷி. (2025 நவம்பரில் நியூயார்க் மேயர் தேர்தலில் ஜெயித்த மம்தானியின் முக்கியமான வாக்குறுதிகளில் ஒன்று இலவச பஸ். அங்கே அது புரட்சி, இங்கே அது "பிங்க் பஸ்".)

பள்ளிச் சாப்பாட்டையும் அந்தக் காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். 1956இல் காமராஜர் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்து, 2022இல் காலை உணவு வரை வந்துவிட்டது. இன்றைக்கு அதை வீண் செலவு என்று ஓட்டுக் கேட்க எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை. இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 30இலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தார்கள். வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று ஒன்றிய அரசே சொன்னது. அதற்குப் பேர் ஊக்குவிப்பு, செக்கிங் அம்மாவின் 624 ரூபாய்க்குப் பேர் இலவசமா? அதற்காக எல்லா இலவசமும் எனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தேர்தலுக்கு முந்தின மாதம் வீட்டுக்கு வரும் மிக்சியும் கிரைண்டரும் வேறு கதை. அதே காசில் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மிஷின் வந்திருக்கும்.

4. நூறு நாள் வேலையால தானுங்க காட்டுக்கு ஆள் கிடைக்கறதில்லை?

முழுப் பொய் இல்லை. நூறு நாள் வேலை வந்த பிறகு குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பது குறைந்தது. 2005 சட்டத்தின் ஒரு நோக்கமே அதுதான். வேலை கேட்பது உரிமை, கொடுக்காவிட்டால் அரசு பதில் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் எழுதி வைத்தது. 2025 டிசம்பரில் அதை எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். 125 நாள் என்று எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் செலவில் 40 விழுக்காட்டை நம்மைப் போன்ற மாநிலங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள், விவசாய வேலை மும்முரமான 60 நாள் வேலை கிடையாது என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஆள் இல்லை என்று புலம்பிய காட்டுக்காரருக்கு அந்த 60 நாள் இனிக்கும். களை எடுக்கப் போகிற அம்மாவின் பேரம் பேசும் பலம் சரியாக அந்த 60 நாளில்தான் போய்விடுகிறது.

5. நம்ம வரிப் பணத்தைத் தூக்கி உ.பி., பீகாருக்குக் குடுக்கறாங்களே, இது அநியாயமில்லையா?

இதில் என் கூட்டாளிகளே என்னோடு சண்டைக்கு வருவார்கள். பணக்காரன் கூட வரி கட்டி ஏழைக்குப் போக வேண்டும் என்று ஊருக்குள் பேசிவிட்டு, மாநிலம் என்று வந்ததும் "நான் கட்டினது எனக்கே" என்றால் அது இடதுசாரிப் பேச்சாகாது. பீகாரில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கட்ட என் வரி போவதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு இடத்தில். ஒன்றிய அரசின் வரியில் மாநிலங்களுக்குப் பகிர வேண்டிய பங்கு 41 விழுக்காடு என்று 15ஆவது நிதிக் குழு சொன்னது. செஸ், சர்சார்ஜ் என்று கூடுதல் வரி போட்டு வசூலிப்பது அந்தப் பகிர்வுக்குள் வராது. இங்கேதான் செக்கிங் கணக்கு: ரேட்டை ஏற்றாமல் "ஸ்பெஷல் பிடித்தம்" என்று முதலாளி தனிக் கவரில் வைத்துக்கொள்வது போல. பகிரும் தொகையிலும் ஒருகாலத்தில் 8 விழுக்காட்டை ஒட்டி இருந்த தமிழ்நாட்டின் பங்கு 15ஆவது குழுவில் 4.079. இறங்கலாம், இந்த வேகத்தில் இறங்கலாமா என்பதுதான் கேள்வி.

தொகுதி மறுவரையறை இதைவிடப் பெரிய விஷயம். 1976இலும் பிறகு 2001இலும் தொகுதி எண்ணிக்கையை 1971 மக்கள்தொகையோடு நிறுத்தி வைத்ததற்குக் காரணம், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதனால் இழக்கக் கூடாது என்பது. பணத்தை விட்டுக்கொடுக்கலாம், பேசும் நாற்காலியை விட்டுக்கொடுத்தால் அடுத்த தடவை பணத்தைக் கேட்கவும் ஆள் இருக்காது. எதிர்த் தரப்பு வாதமும் அபத்தமில்லை: உ.பி.யில் ஒரு எம்.பி. தமிழ்நாட்டு எம்.பி.யைவிட அதிக சனத்துக்குப் பதில் சொல்கிறார், ஓட்டின் மதிப்பு சமமாக வேண்டாமா என்கிறார்கள். மக்களவையைத் தொடாமல் மாநிலங்களவையில் ஏதாவது சமன் செய்வது பற்றிப் பேசலாம் என்பது என் எண்ணம். யாரும் இன்னும் கேட்கவில்லை.

6. வடக்கனுங்க வந்து வேலையைப் புடுங்கிட்டானுங்க. இதுக்காவது எங்க பக்கம் நிப்பீங்களா?

"எங்க" என்பது யார்? என் அப்பா ஆண்டிபட்டியிலிருந்து திருப்பூர் வந்தவர். அவரை இங்கே "தெக்கத்தியான்" என்று கூப்பிட்டு வாடகைக்கு வீடு தர யோசித்தார்கள். 1960களின் கடைசியில் பம்பாயில் சிவசேனா "மதராசிகளை" விரட்டக் கிளம்பியபோது தாராவியில் பயந்து கிடந்தவர்களில் நம் சனமும் உண்டு.

2023 மார்ச்சில் பீகார்க்காரர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று போலி வீடியோ கிளம்பியது. ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களும் பயந்து போகிறவர்களுமாக ரயில்வே ஸ்டேஷன் நிறைந்தது. அந்த வாரம் நான் கணக்கு எழுதும் ஒரு யூனிட்டில் 38 மிஷினில் 15தான் ஓடியது. "வடக்கன்" என்று வாய் நிறையத் திட்டிய முதலாளி, சூப்பர்வைசரை அனுப்பி ஸ்டேஷனில் நின்று கையைப் பிடித்துக் கெஞ்சச் சொன்னார்.

கூலி இறங்குவது உண்மை. இறக்குவது ஒடிசாப் பெண் இல்லை. அவளை ஏஜெண்ட் மூலம் எடுத்து, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாமல், விடுதியில் பூட்டி வைத்து ஒன்றரை ஷிப்ட் வாங்குகிற ஏற்பாடு. வெளிமாநிலத் தொழிலாளருக்கு என்று 1979லேயே சட்டம் போட்டார்கள், 2025 நவம்பரில் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போகும் வரை அதைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை. அவளுக்கும் அதே ரேட் என்று ஆகிவிட்டால், மலிவு என்று அவளைத் தேட யாருக்கும் காரணம் இருக்காது. எங்கள் சங்கத்தில் இந்தியில் நோட்டீஸ் அடிக்கலாமா என்று இரண்டு கூட்டம் சண்டை நடந்தது. கடைசியில் ஒடியாவிலும் அடித்தோம். எழுத்துப்பிழை இருந்ததாகக் கேள்வி.

7. ரஷ்யா எண்ணெய் வாங்காம இருந்திருந்தா ட்ரம்ப் நம்ம தலையில கல்லைப் போட்டிருக்க மாட்டாரில்லைங்களா?

2025 ஆகஸ்ட் மாதத்தை இந்த ஊர் மறக்காது. 7ஆம் தேதி 25 விழுக்காடு வரி, 27ஆம் தேதி ரஷ்ய எண்ணெய்க்காக இன்னொரு 25. வழக்கமான சுங்கத்துக்கு மேலே இந்த ஐம்பது. வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் அப்போது 20தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000 கோடி ஏற்றுமதி செய்யும் ஊரில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. பெரிய கம்பெனிக்காரர், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரோடு போனில் தள்ளுபடி பேசினார். அவர் கொடுத்த தள்ளுபடி, சின்ன யூனிட்டுகளுக்குத் தைக்கக் கொடுக்கும் ஜாப் ஒர்க் ரேட்டில் இறங்கியது. ஜாப் ஒர்க் எடுத்தவர் ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாக்கினார். எட்டு மணி நேரச் சம்பளத்தில் யாரும் இங்கே குடும்பம் நடத்துவதில்லை, அந்த அரை ஷிப்ட்தான் வாடகையும் பள்ளிக் கட்டணமும். ஒரு சனிக்கிழமை சம்பளக் கவர் எழுதும்போது 5,400 எழுதிய கை 3,600 எழுதியது. வாங்கினவர் ஒன்றும் கேட்கவில்லை, கவரை இரண்டு தடவை எண்ணினார்.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். 2022க்கு முன் நம் கச்சா இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 விழுக்காட்டையொட்டி இருந்தது, பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. எங்கே மலிவோ அங்கே வாங்குவது நம் உரிமை, அதை வாஷிங்டன் தீர்மானிக்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐரோப்பா ரஷ்ய எரிவாயுவை வாங்கிக்கொண்டே நமக்குப் பாடம் எடுத்ததும் தெரியும்.

ஆனால் செக்கிங் கணக்கைப் போடுங்கள். மலிவு எண்ணெயின் லாபம் யாருக்குப் போனது? சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வரியாக அரசுக்கும். பங்க்கில் பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டியே நின்றது. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்தார்கள், 2025 ஏப்ரலில் கலால் வரியை 2 ரூபாய் ஏற்றினார்கள். அபராதம் வந்தபோது கட்டியது திருப்பூரும் சூரத்தும் ஆம்பூரும் இறால் பண்ணைகளும். தன்மானத்தை நாடே கொண்டாடலாம், பில்லையும் நாடே பங்கு போட்டிருக்க வேண்டும். அந்த லாபத்தில் ஒரு பகுதியை எடுத்து வேலை இழந்த ஷிப்டுகளுக்குக் கொடு என்று கேட்டிருக்க வேண்டியது நாங்கள். நாங்களும் ட்ரம்ப் கொடும்பாவி கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போனோம்.

8. இடதுசாரிகள் தடையற்ற வர்த்தகத்தை எதிர்ப்பாங்களே. இங்கிலாந்து ஒப்பந்தம் வந்தப்ப நீங்க மட்டும் ஏன் கை தட்டினீங்க?

தட்டினேன். வங்கதேசம் மிகப் பின்தங்கிய நாடு என்ற வகையில் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் அனுப்பியது, நாம் 9, 10 விழுக்காடு கட்டினோம். இந்த வித்தியாசத்திலேயே எத்தனையோ ஆர்டர் போனது. 2025 ஜூலையில் கையெழுத்தான இங்கிலாந்து ஒப்பந்தம் ஆடைக்குச் சுங்கத்தை எடுக்கிறது. அதை எதிர்த்து நான் யாருக்காகப் பேசுவது?

கை தட்டியதோடு கேட்க வேண்டியதும் உண்டு: மருந்துக் காப்புரிமை, அரசு டெண்டர் போன்ற ஷரத்துகளில் என்ன கொடுத்தோம் என்று. மலிவு மட்டுமே போட்டி என்றால் எங்கே போய் முடியும் என்பதற்கு 2013 ஏப்ரல் 24 போதும். டாக்கா அருகே ரானா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். நம்மைப் போல ஓவர்லாக் ஓட்டினவர்கள்.

9. ரஷ்யா நம்ம தோஸ்த்து. உக்ரைன் விஷயத்துல உங்காளுங்களுக்கும் புடின்தானே ஹீரோ?

என் தலைமுறைக்கு மாஸ்கோ என்றால் நியூ செஞ்சுரி புத்தக வண்டியில் இரண்டு ரூபாய்க்குக் கிடைத்த வழவழப்பான தமிழ்ப் புத்தகங்கள். அந்த வாசனை போகவில்லை, அதனால்தான் பலருக்குக் கண் மறைக்கிறது. சோவியத் 1991இல் முடிந்தது. இப்போது இருப்பது எண்ணெய் முதலாளிகளும் உளவுத்துறையும் சேர்ந்து நடத்தும் ஆட்சி. 1994இல் அணு ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு எல்லைக்கு உறுதிமொழி வாங்கிய நாட்டுக்குள், உறுதி கொடுத்தவர்களில் ஒருவரே 2022 பிப்ரவரியில் டாங்கியோடு நுழைந்தார். நேட்டோ விரிந்தது தப்புதான். பக்கத்து வீட்டுக்காரன் வம்பன் என்பதால் எதிர் வீட்டில் புகுந்து அடிக்க முடியாது.

ஐ.நா.வில் இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கியதைப் புரிந்துகொள்கிறேன். ஆயுதத்துக்கு அவர்களை நம்பியிருக்கிறோம். புரிந்துகொள்வது வேறு, அதை அறம் என்று பேசுவது வேறு.

10. காசாவுக்கு இங்க ஏனுங்க ஊர்வலம்? ஹமாஸ் பண்ணினது தெரியாதா?

தெரியும். 2023 அக்டோபர் 7இல் சுமார் 1,200 பேரைக் கொன்று, 250 பேரைப் பிணையாகத் தூக்கிப் போனது படுகொலை. என் மேடையில் அதைச் சொல்லாமல் யாரும் ஆரம்பிக்கக் கூடாது என்று சண்டை போட்டவன். அதற்குப் பின் காசாவில் செத்தவர்கள் அறுபதாயிரத்தைத் தாண்டினார்கள் என்று அங்கத்திய சுகாதார அமைச்சகம் கணக்குச் சொல்கிறது, ஏறத்தாழப் பாதி பெண்களும் குழந்தைகளும். மாவு மூட்டைக்கு வரிசையில் நின்றவர்களைச் சுட்டதற்கு முந்தின குற்றம் சாக்காகாது.

இந்தியா 1988லேயே பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது, 1992இல் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவும் வைத்தது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதற்கு நம் பழைய வெளியுறவுக் கொள்கையே அத்தாட்சி. 2023 அக்டோபரில் ஐ.நா. போர்நிறுத்தத் தீர்மானத்தில் ஒதுங்கியவர்கள் டிசம்பரில் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். ஊர்வலத்தால் மாறியது என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தலைக்கனம் இல்லை.

11. அப்ப சீனா?

சிவப்புக் கொடி இருப்பதால் ஒரு சலுகையும் இல்லை. சங்கம் வைக்க முடியாத நாட்டைச் சங்கத்துக்காரன் எப்படிப் புகழ்வான்? கல்வானில் 2020இல் 20 பேரை இழந்தோம். அதே சமயம் 2024–25இல் அவர்களோடு வர்த்தகப் பற்றாக்குறை 99 பில்லியன் டாலர். எங்கள் ஊர் மிஷினுக்கு உதிரிப் பாகம் அங்கிருந்துதான் வருகிறது. புறக்கணிப்போம் என்று ஸ்டிக்கர் அடித்துத் தந்த பிரிண்டிங் மிஷினும் சீனாதான்.

12. இலங்கையில சிவப்புக் கட்சி வந்தும் நம்ம மீனவரைப் பிடிக்கறாங்களே. நீங்க மீனவர் பக்கமா, அநுர பக்கமா?

எந்த மீனவர் என்பதுதான் விஷயம்.

அந்தச் சிவப்புக் கட்சியான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) 1971இலும் 87–89இலும் ஆயுதம் எடுத்தது. இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை ரத்தம் சிந்தி எதிர்த்தது. அதே கட்சியின் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் அதிபரானார், நவம்பரில் அவர் கூட்டணி 225இல் 159 இடம் பிடித்தது, யாழ்ப்பாணத்திலும் முதலிடம். வந்ததும் ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நிதியம்) கடன் திட்டத்தைக் கிழித்துப் போடவில்லை, தொடர்ந்தார். 2025 ஏப்ரலில் இந்தியாவோடு பாதுகாப்பு உடன்பாடும் போட்டார். 2022இல் கஜானா காலியாகி, நாம் ஏறத்தாழ 4 பில்லியன் டாலர் உதவிய நாட்டில் வேறு வழி இல்லை. அது சமரசம். வடக்குக்கு 2013க்குப் பின் நடக்காத மாகாண சபைத் தேர்தலை முதல் வருஷத்திலும் நடத்தாதது? அது செக்கிங்காரரின் பங்கை விட்டது.

மீன் பிரச்சினையில் நான் சொல்வது ராமேசுவரத்தில் யாருக்கும் பிடிக்காது. கச்சத்தீவை 1974இல் கொடுத்தது தப்பு, மக்களைக் கேட்கவில்லை. ஆனால் நாளைக்கே அந்த 285 ஏக்கர் திரும்பி வந்தாலும் சண்டை ஓயாது, ஏனென்றால் மீன் அங்கே இல்லை. விசைப்படகின் இழுவை மடி கடலின் அடியைச் சுரண்டி, குஞ்சு குளுவான் வரை அள்ளிவிடுகிறது. நம் பக்கம் தீர்ந்தது, அதனால் தாண்டுகிறார்கள். ஒருமுறை ராமேசுவரம் போனபோது துறைமுகத்தில் நாட்டுப்படகுக்காரர் ஒருவரிடம் பேசினேன். திங்கள், புதன், சனி விசைப்படகு போகும், மற்ற நாள் இவர்கள். "அவங்க போன மறுநா எங்க வலையில பாசிதான் வரும்" என்றார். அந்தப் பக்கம் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் 2009 வரை போரால் கடலுக்குப் போக முடியாமல் கிடந்து, கடன் வாங்கி வலை போட்டவர்களின் வலையைக் கிழிப்பது நம் படகுகள். அவர்களும் தமிழர்கள்தான், வறுமையில் நம் நாட்டுப்படகுக்காரரின் ஜோடி. இலங்கை 2017இல் இழுவை மடியைத் தடை செய்தது அவர்கள் கேட்டுத்தான்.

சுடுவது, மொட்டையடிப்பது எல்லாம் எந்தச் சட்டத்திலும் வராத கொடுமை, படகை நாட்டுடைமையாக்குவது அவர்கள் சட்டத்தில் இருந்தாலும் கொடுமைதான். பிடிபடுகிறவர் முதலாளி இல்லை, பங்குக் கூலிக்குப் போனவர். வழி 2017லேயே எழுதப்பட்டது: 2,000 விசைப்படகை ஆழ்கடல் படகாக மாற்ற, படகுக்கு 80 லட்சத்தில் 70 விழுக்காடு இரு அரசுகளும் தரும் என்றார்கள். மாறியவை கொஞ்சம்தான். மீதி 24 லட்சத்தைப் புரட்டுவது, பழக்கமில்லாத ஆழ்கடலில் வாரக்கணக்கில் கிடப்பது இதெல்லாம் டில்லியில் எழுதினவருக்குத் தெரியவில்லை. தொகையை ஏற்றி, கூலிக்காரருக்கும் தனியாக ஏற்பாடு செய்து மறுபடி தொடங்க வேண்டும். கச்சத்தீவைப் பற்றிப் பேசுவது எளிது, செலவில்லை.

13. கூட்டணிக் காசு வாங்கிட்டு தி.மு.க.வை எப்படிங்க கேள்வி கேப்பீங்க?

கேட்பவர் 2019ஐச் சொல்கிறார். தேர்தல் ஆணையத்தில் தி.மு.க. கொடுத்த கணக்கிலேயே இந்திய கம்யூனிஸ்டுக்கு 15 கோடி, மார்க்சிஸ்டுக்கு 10 கோடி என்று இருந்தது. வங்கி மூலம் வாங்கினோம், தேர்தல் செலவுக்கு என்று கட்சிகள் சொன்னன. சட்டப்படி சரி. உண்டியல் குலுக்கி வளர்ந்த கட்சிக்கு அது அழகில்லை, எனக்கு அன்று டீக்கடைக்குப் போகவே கூச்சமாக இருந்தது.

ஆனாலும் ஒரு கணக்கு. 2023 ஏப்ரல் 21இல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. 24ஆம் தேதி நிறுத்தி வைத்தார்கள், மே 1 அன்று முதல்வர் திரும்பப் பெற்றதாகச் சொன்னார். பத்து நாள். எதிர்க்கட்சி வரிசையில் இருந்து கத்தியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா? அடுத்த வருஷம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அதே அரசின் போலீஸ் பந்தலைப் பிரித்தது, சங்கப் பதிவுக்கு 2025 ஜனவரி வரை இழுத்தார்கள். அப்போது கூட்டணியை விடவும் இல்லை, சங்கத்தை விடவும் இல்லை. உள்ளே இருந்து உதை வாங்குவதும் ஒரு வேலை.

14. வங்காளத்துல 34 வருசம் ஆண்டாங்க. அப்புறம் ஏன் துடைச்சுப் போட்டாங்க?

1978இல் பர்கா திட்டத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட குத்தகை விவசாயிகளின் பேரைப் பதிந்தார்கள். நிலத்திலிருந்து விரட்ட முடியாது என்ற அந்தத் துண்டுச் சீட்டுதான் 34 வருஷ ஓட்டு. 2007 மார்ச் 14 நந்திகிராமில் நிலம் கொடுக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு, 14 பேர் சாவு. தொழிற்சாலை வர வேண்டும் என்ற எண்ணம் சரி. விலையைக் கட்டச் சொன்னது, சீட்டு கொடுத்து நிமிர வைத்த அதே ஆளை. 2021 சட்டமன்றத்தில் ஓர் இடம்கூட இல்லை.

1996இல் வங்காள முதல்வர் ஜோதிபாசுவை அவர் கட்சியே பிரதமராக விடாததை அவரே வரலாற்றுத் தவறு என்றார். 2008இல் அமெரிக்காவுடனான அணு ஒப்பந்தத்தை எதிர்த்து, டில்லி காங்கிரஸ் கூட்டணி அரசுக்குக் கொடுத்த ஆதரவை விலக்கியது இரண்டாவது என்பேன். நூறு நாள் வேலைக்கு முட்டுக்கொடுத்த இடதுசாரி, நான்கு வருஷத்தில் தானே விலகி வந்துவிட்டது.

15. எப்பவாச்சும் பதில் தெரியாம முழிச்சிருக்கீங்களா?

இப்போதும் முழிக்கிறேன். 2022 மே 16, 17 இரண்டு நாள் நூல் விலை ஏற்றத்தை எதிர்த்து ஊரே கடையடைத்தது. அதற்கு முன்பே பஞ்சு இறக்குமதி வரி 11 விழுக்காட்டை எடு என்று கேட்டவர்களில் நானும் ஒருவன், அந்த ஏப்ரலில் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி விழுந்ததும் அதே 11ஐ மறுபடி டிசம்பர் வரை எடுத்தார்கள். ஊரில் எல்லாருக்கும் நிம்மதி.

என் மனைவியின் தம்பி பெரம்பலூர் பக்கம் இரண்டு ஏக்கரில் பருத்தி போடுகிறான். 2025–26 பருவத்தில் நடுத்தர இழைக்குக் குவிண்டால் 7,710 ரூபாய் ஆதார விலை. அவன் வியாபாரியிடம் விற்றது அதைவிடக் கீழே, வெளிநாட்டுப் பஞ்சு வருகிறது என்று சொல்லியே அடித்துக் கேட்டார்களாம். ராத்திரி போன் பண்ணினான். "மாமா, வரியை எடுக்கச் சொல்லி நீங்க கொடி புடிச்ச போட்டோ இன்னும் அக்கா போன்ல இருக்கு" என்றான். முதல் கேள்வியில் சொன்ன பெரியவர் இப்போது இல்லை. வரியை எடுத்தால் ஆதார விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு விவசாயிக்குக் கட்ட வேண்டும் என்று சங்கத் தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "நம்ம ஊர்ல பருத்தியே வெளையறதில்லையே, எதுக்குங்க?" என்றார் செயலாளர். அடுத்த கூட்டத்துக்கு மச்சினனையே கூட்டிவரலாமா என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.